மின்னஞ்சலும் சொற்செயலியும் : புதிய பாடவேறுபாடுகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்குப் படைப்புகள் பெறும் பணி தொடங்கிய மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் தவறாது கூடிவரும் இவ்வட்டத்தில் சங்க இலக்கியம் குறித்தும் சிற்றிலக்கியம் குறித்தும் நான் சில முறை பேசியுள்ளேன். இன்று எனக்கு அளிக்கப்பட்டிருக்கும் பொருள் அவற்றினின்றும் வேறுபட்டது. மின்னஞ்சலும் சொற்செயலியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது கவிதைக்கு என்ன நேர்கிறது என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். கணிப்பொறி பயின்ற இளைஞர் ஒருவரை அழைக்கலாமே என்றேன். "இது எழுத்தைப் பற்றிய சிக்கல்; எழுத்தைப் பற்றித் தமிழ் படித்தவர்தாம் பேச வேண்டும்" என்று விடையிறுத்தார். மலருக்கு இதுவரை வந்த படைப்புகளைப் பார்வையிட்ட பிறகு, அவர் கூற்றில் உண்மை இருக்கிறது என்றே கருதுகிறேன்.

வந்த மடல்களுள் ஒன்றில் எழுத்துகளுக்கு மாறாகச் சிறு கட்டங்கள் வரிசையாக நின்றன. மற்றொன்றில் பக்கம் முழுதும் கேள்விக்குறிகள். வேறொன்றில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன. இன்னொன்றில் நல்ல தமிழே இருந்தது. ஆனால் வெண்பா, அடி எங்கே முடிகிறது என்று தெரியாத உரைநடையாக உருமாறி வந்திருந்தது. அனுப்பிய கவிஞர்கள் அனைவரும் தத்தம் கணிப்பொறியில் பார்த்தபோது கவிதை பழுதின்றி இருந்ததாகவே கூறுகின்றனர். அவர்கள் கூறுவதும் உண்மையே.

ஏட்டுச்சுவடிகளில் படியெடுப்போர் கைபட்டுப் பாடவேறுபாடுகள் தோன்றின. அவை தோன்றப் பல தலைமுறைகள் ஆயின. இன்று நம் கவிதைகளுக்குப் பாடவேறுபாடுகள் கவிஞர் உயிரோடிருக்கும்போதே, மடலை அனுப்பிய அரை நிமிடத்திற்குள் தோன்றிவிடுகின்றன. இவ்வேறுபாடுகள் எவ்வாறு பிறக்கின்றன, அவற்றை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு தடுப்பது என்பவற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

எண்ணும் எழுத்தும்

கணிப்பொறிக்கு எழுத்து என்பது ஓர் எண். 1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் பட்டியல் 128 இடங்களைக் கொண்டது. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள் ஆகியவை அதில் அடங்கின. பின்னர் இடங்களின் எண்ணிக்கையை 256 ஆக இரட்டித்தனர். முற்பாதி ஆங்கிலத்திற்கு உரியதாகவே நின்றமையால் பிறமொழிகளுக்குக் கிடைத்தது எஞ்சிய 128 இடங்களே. நம் எழுத்துகளோ 247. ஆகவே தொடக்கத்தில் தமிழைக் கணிப்பொறியில் ஏற்றியவர்கள் எழுத்துகளை விடுத்து அவற்றின் உறுப்புகளை, அதாவது ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால், விசிறி, புள்ளி என்பவற்றை, தனித்தனி இடங்களில் வைத்தனர். அச்சுக் கோப்பவர் அச்சு எழுத்துகளை எடுத்து அடுக்கியதைப் போன்ற முறை இது.

இவர்களுள் ஒரு சாரார் பிற்பாதி இடங்களைப் பயன்கொண்டனர். மற்றொரு சாரார் ஆங்கில எழுத்துகள் இருந்த முற்பாதி இடங்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தனர். ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் தமிழகத்து அச்சகங்கள் பலவற்றிலும் வழங்கிய பாமினி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதில் 'தமிழ்' என்னும் சொல் கணிப்பொறியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. ஜே என்னும் எழுத்தின் மேல் 'த' என்னும் முகமூடி அணிவிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த முகமூடியை அணிவிக்க வேண்டும் என்னும் குறிப்பு எங்கே இருக்கிறது? சொற்செயலிக் கோப்பினுள் இருக்கிறது. "இப்பகுதி பாமினி எழுத்துருவில் அமைக" என்னும் கட்டளையைச் சொற்செயலி கோப்பிலேயே எழுதிவைத்துக்கொள்கிறது. அதே பகுதியை வெட்டி எளிய மின்மடலில் ஒட்டினால் எண்கள் மட்டுமே செல்கின்றன, கட்டளை செல்வதில்லை. கட்டளையும் செல்லும் வகையான மடலாயினும், பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் முகமூடி கழன்று ஆங்கில எழுத்துகளே தோன்றும். சொற்செயலி, எழுத்தையும் அதன் தோற்றத்தையும் சேர்த்துக் காக்கிறது. மின்னஞ்சலோ எழுத்தை மட்டும் சுமந்து செல்லப் பிறந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள பூசலின் வேர் இதுவே.

மின்னஞ்சலின் பிறப்பிலேயே இன்னொரு குறையும் இருந்தது. 1982-இல் வரையறுக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறை ஆஸ்கியின் 128 இடங்களை மட்டுமே அறிந்தது. பிற்பாதி எண்களோடு சென்ற தமிழ் மடல், வழியிலிருந்த பழைய நிலையங்கள் சிலவற்றில் உருச்சிதைந்தது. 1992-இல் மைம் என்னும் ஏற்பாடு வந்த பின்னரே, பிறமொழி எழுத்துகளையும் இணைப்புக் கோப்புகளையும் ஆஸ்கி எழுத்துகளாக மாற்றி அனுப்பிப் பெறுமிடத்தில் மீட்டெடுக்கும் வழி பிறந்தது. இன்று நாம் மடலோடு கோப்பை இணைக்கும் ஒவ்வொரு முறையும் நடைபெறுவது இம்மாற்றமே.

பல வழக்குகளும் ஒரு பொதுவழக்கும்

எழுத்துருக்கள் பெருகப் பெருக ஒருவர் எழுதியது மற்றவர்க்கு விளங்காத நிலை முற்றியது. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னையில் நடைபெற்ற மாநாட்டைத் தொடர்ந்து டாப், டாம் என்னும் இரு குறியீட்டு முறைகளும் தமிழ் 99 விசைப்பலகையும் தமிழக அரசால் ஏற்கப்பட்டன. உலகெங்கும் பரந்திருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே கலந்துரையாடி திஸ்கி என்னும் முறையை உருவாக்கினர். முயற்சிகள் அனைத்தும் போற்றத்தக்கவை. எனினும், திஸ்கியில் எழுதியதை டாப் எழுத்துருவில் பார்த்தால் தமிழ் எழுத்துகளே தோன்றும். ஆனால் ஒரு சொல்லும் பொருள்படாது.

இதற்கிடையே 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி முறையை அடியொற்றியது அது. ஆங்கிலத்தின் இடத்தைப் பறிக்காமல் உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி இடம் தருவதால், ஒருங்குறியில் 'த' எப்போதும் 'த' தான். எந்த எழுத்துருவை மாற்றினாலும் அது ஜே ஆகாது. விண்டோஸ் 2000 முதல் அதற்கான வசதி பரவத் தொடங்கியது. இன்று கைப்பேசிகள் அனைத்தும் ஒருங்குறியிலேயே இயங்குகின்றன.

இலக்கணம் பயின்றோர்க்கு ஒருங்குறியின்மேல் ஒரு மனக்குறை உண்டு. தொல்காப்பியம் மெய்யை அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் உயிர் ஊர்ந்து உயிர்மெய் பிறப்பதாகக் கூறுகிறது. ஒருங்குறியிலோ அகரமேறிய 'க' ஓர் இடத்தைப் பெறுகிறது. அரை மாத்திரையுடைய 'க்' அதனோடு புள்ளியையும் சேர்த்து இரண்டு இடங்களைப் பெறுகிறது. இக்குறையை நீக்கும் நோக்கில் 247 எழுத்துகளுக்கும் தனியிடம் தரும் டேஸ் 16 என்னும் முறை வகுக்கப்பட்டது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. நடைமுறையில் மடல் வழியாக ஊர்விட்டு ஊர் செல்ல வல்லதாக நிலைபெற்றிருப்பது ஒருங்குறியே. இலக்கண நுட்பத்தில் குறை காண்போரும் கவிதையை அனுப்பும்போது அதையே கைக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

அதில் நமக்கு உகந்த ஒரு பண்பும் உண்டு. பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பது கொம்பு, 'க', கால் என்னும் கண்காணும் வரிசையில் அமைந்தது. ஒருங்குறியில் முதலில் 'க', பின்னர் ஒகரக் குறி என்று, நாம் ஒலிக்கும் வரிசையில் அமைகிறது. முன்னது வரிவடிவத்தைச் சேமித்தது. பின்னது ஒலிவடிவத்திற்கு அணுக்கமாக நிற்கிறது.

நோய்க்குறிகள்

நோயின் தன்மையையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்பது வள்ளுவர் நெறி. மடலில் வந்த சிதைவுக்கும் அது பொருந்தும். சிதைவின் தோற்றத்தைக் கொண்டே அதன் காரணத்தை அறியலாம்.

கட்டங்கள் தோன்றினால் அஞ்ச வேண்டியதில்லை. எண்கள் நலமாக உள்ளன. அவற்றுக்குரிய வடிவம் பெறுபவரின் கருவியில் இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவியதும் கவிதை வெளிப்படும்.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து தோன்றினால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதப்பட்டது. இதுவும் நலமே. பாமினியில் அரைப்புள்ளியே மெய்யெழுத்தின் புள்ளி. ஆகையால் பக்கமெங்கும் அரைப்புள்ளி சிதறிக்கிடப்பது பாமினிக்கு உறுதியான அடையாளம்.

ஆங்கில 'ஏ'யின் தலைமேல் சாய்கோடு, அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்னும் இணை மீண்டும் மீண்டும் வந்தால், அது ஒருங்குறித் தமிழை ஐரோப்பிய எழுத்துப் பட்டியலைக் கொண்டு படித்ததன் விளைவு. ஒருங்குறியின் யூ.டி.எஃப். 8 வடிவத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகச் செல்கிறது; 'தமிழ்' என்னும் சொல்லுக்குப் பதினைந்து பைட்டுகள். அவற்றைத் தனித்தனியே படித்தமையால் வந்த குழப்பம் இது. படிக்கும் செயலியில் குறியீட்டு முறையை யூ.டி.எஃப். 8 என மாற்றினால் தீரும். சமக்குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் மாறிமாறி வந்தால், மைம் முறையில் மாற்றியது பெறுமிடத்தில் மீட்கப்படவில்லை என்று பொருள்.

கேள்விக்குறிகள் மட்டும் வேறு வகை. தமிழை அறியாத ஒரு செயலி இடையில் புகுந்து, தனக்குத் தெரியாத எழுத்து ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாக மாற்றி எழுதிவிட்டது. இங்கே முகமூடி மட்டும் கழலவில்லை, முகமே அழிந்தது. அம்மடலிலிருந்து கவிதையை எந்த வல்லுநராலும் மீட்க இயலாது. கவிஞரிடம் மறுபடி கேட்டுப் பெறுவதே வழி. ஆகவே அன்பர்களே, அனுப்பிய பின் உங்களிடமுள்ள படியை அழித்துவிடாதீர்கள்.

'வின்மெயில்.டாட்' என்னும் பெயரில் திறக்கவியலாத ஒரு கோப்பு வருவதும் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அவுட்லுக் அஞ்சற்செயலி, மடலின் அழகமைப்பையும் இணைப்புகளையும் தனக்கே உரிய ஒரு பொதியில் இட்டு அனுப்பும்போது, பிற அஞ்சற்செயலிகள் அப்பொதியை அவிழ்க்க அறியாமல் அப்படியே கொடுத்துவிடுகின்றன. அனுப்புபவர் தம் செயலியில் எளிய உரை அல்லது எச்.டி.எம்.எல். வடிவத்தைத் தேர்ந்தால் இத்தொல்லை நீங்கும்.

கடல் குடலான கதை

இனிச் சொல்லப்போவது இவற்றினும் கொடியது. மேலே கண்ட சிதைவுகள் கண்ணுக்குத் தெரிபவை. எனவே உடனே எச்சரிக்கை பெறுகிறோம். சில சிதைவுகள் நல்ல தமிழ்ச் சொல்லின் வேடத்தில் வருகின்றன.

மலருக்கு வந்த கடற்பாட்டு ஒன்று 'குடல்' என்னும் சொல்லோடு தொடங்கியது. அக்கவிஞர் இங்கே அமர்ந்திருக்கிறார். அவர் இசைவோடுதான் சொல்கிறேன். அவர் எழுதியது 'கடல்'. பாமினியில் 'க' என்பது ஆங்கிலச் சிற்றெழுத்து எஃப். 'கு' என்பது அதன் பேரெழுத்து. சொற்செயலியில் தன்னியக்கத் திருத்தம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. வாக்கியத்தின் முதலெழுத்து ஆங்கிலத்தில் பேரெழுத்தாக இருக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. அச்செயலிக்கு முகமூடி தெரியாது. எஃப் மட்டுமே தெரியும். தன் கடமையாகக் கருதிச் சிற்றெழுத்தைப் பேரெழுத்தாக்கியது. கடல் குடலாயிற்று.

உரைநடையில் இது பத்திக்கு ஓரிரு முறை நேரும். கவிதையில் ஒவ்வோர் அடியையும் விசைதட்டி முடிப்பதால் ஒவ்வோர் அடியும் அதற்குப் புதிய பத்தி. ஆகவே அடிதோறும் முதலெழுத்து ஆபத்துக்கு உள்ளாகிறது. இவ்வாறு கலை குலையாகும், கதிர் குதிராகும், பகல் புகலாகும், பல் புல்லாகும், தணி துணியாகும். உயிரெழுத்தில் குறில் நெடிலாகும்: அலை ஆலையாகும், உடல் ஊடலாகும், எழு ஏழாகும். கொம்பில் தொடங்கும் உயிர்மெய்யில் ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாகும்: பெறு பேறாகும், கெடு கேடாகும், பொய் போய்விடும். இகரத்திற்கு மட்டும் இந்த ஆபத்து இல்லை. பாமினியில் அதற்குரிய விசை காற்புள்ளி. காற்புள்ளிக்குப் பேரெழுத்து இல்லை.

சுவடி எழுத்தில் எகர ஏகாரக் குறிகளும் ஒகர ஓகாரக் குறிகளும் பெரும்பாலும் வேறுபாடின்றி நின்றன. அவற்றைப் பிரித்தறிய வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் வழிவகுத்தார். அவர் பிரித்ததை, ஆங்கில இலக்கண விதி ஒன்று தமிழ்க் கவிதையின் அடிமுதலில் மீண்டும் கலந்துவிடுகிறது. எழுத்துப்பிழை பார்ப்போர் கண்ணிலும் இது எளிதில் படாது. மாறிய சொல்லும் அகராதியில் உள்ள சொல்லாயிற்றே.

யாப்பு அளிக்கும் துணை

நம் வட்டத்தின் தொடக்கக் கூட்டங்களில் தவறாது கலந்துகொண்ட மூத்த கவிஞர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மறைந்தார். உங்களிற் பலர் அவரை அறிவீர்கள். அச்சேறாத அவர் பாடல்கள் ஒரு சொற்செயலிக் கோப்பில் இருந்தன. அவர் மகள் அவற்றை மடலில் ஒட்டி எனக்கு அனுப்பினார். வந்தது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தது. பாமினி என்று அறிந்து மாற்றியதும் பாடல்கள் வெளிப்பட்டன. முதுமையில் பார்வை மங்கிய நிலையில் அவரே தட்டெழுதியவை அவை. கருவி செய்த மாற்றங்களுட் பெரும்பாலானவற்றை அவர் கண்டு திருத்தியிருக்கிறார். சில அவர் கண்ணுக்குத் தப்பியிருக்கின்றன. எந்தச் சொல் அவருடையது, எந்தச் சொல் கருவியுடையது என்று எவ்வாறு துணிவது? கையெழுத்துப் படியோ கிடைக்கவில்லை.

மரபுப் பாடல்களில் யாப்பே துணை செய்தது. 'உடல்' ஒரு நிரையசை. 'ஊடல்' நேரும் நேரும் சேர்ந்த தேமாச்சீர். ஆகவே உயிரெழுத்து நீண்ட இடங்களில் தளை தட்டியது. எதுகைக்கு முதலெழுத்தின் மாத்திரை ஒத்திருக்க வேண்டும் என்னும் விதியும் அவற்றைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் 'பகை', 'புகை' போன்றவற்றில் 'ப'வும் குறில், 'பு'வும் குறில், இரண்டும் நிரையசையே. தளையும் எதுகையும் இங்கே வாய்திறவா. அங்கே மோனை பேசிற்று. 'ப'வுக்குப் பா, பை, பௌ இனமோனை. 'பு'வுக்குப் பூ, பொ, போ இனமோனை. மூன்றாம் சீர் 'பாடு' என்று தொடங்கினால் முதற்சீரில் கவிஞர் வைத்தது 'ப' என்றும், 'பொருது' என்று தொடங்கினால் 'பு' என்றும் கொள்வதற்கு இடமுண்டு. இவ்வாறே ஐயத்துக்குரிய இடங்கள் பலவற்றையும் தெளிந்தேன். யாப்பிலக்கணம் கவிதையைக் கட்டுவதற்கு மட்டுமன்றிக் காப்பதற்கும் உதவுவதை அன்றுதான் நேரில் கண்டேன்.

புதுக்கவிதைகளில் அத்துணை இல்லை. ஒரு கவிதையில், மாலை நேரத்தில் அண்டை வீட்டுக் கூரைக்கு மேல் ஒன்று மெல்ல எழுந்து தம் வீட்டுப் பக்கம் சாய்வதாக அவர் எழுதியிருக்கிறார். கோப்பில் இருப்பது 'புகை'. அடியின் முதற்சொல் அது. அவர் எழுதியது புகையா, பகையா? அவர் துணைவியாரைக் கேட்டேன். "அந்த வீட்டில் விறகடுப்பும் இருந்தது, எங்களுக்கும் அவர்களுக்கும் வரப்பு வழக்கும் இருந்தது" என்றார். நான் என்ன செய்வது? கோப்பில் உள்ளவாறே 'புகை' எனப் பாடத்தில் வைத்து, 'பகை' என்பதை அடிக்குறிப்பில் பாடவேறுபாடாகத் தரும்படி மலர்க்குழுவிடம் கூறியுள்ளேன். கிடைத்த படியை மதிப்பதும், ஐயத்தை மறைக்காமல் வாசகர் முன் வைப்பதும் சுவடிப் பதிப்பாசிரியர்கள் நமக்குக் காட்டிச்சென்ற நெறி. இருப்பினும் அந்த ஒரு சொல்லை உறுதிசெய்ய இனி யாராலும் இயலாது என்னும் வருத்தம் எனக்கு நீங்கவில்லை.

புலப்படாத பிழைகளும் அடிச்சிதைவும்

பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு மாற்றிகள் உண்டு. அவற்றை நம்பலாம், ஆனால் மேற்பார்வை வேண்டும். பாமினிக் கோப்பில் ஆங்கிலச் சொல் இடையே வந்தால், மாற்றி அதனையும் தமிழாகக் கருதிப் பொருளற்ற எழுத்துகளாக்கிவிடும். பழைய எழுத்துருவில் 'ர்' என்பதைக் காலின்மேல் புள்ளி வைத்து அமைத்தவர் பலர். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறிக்கு மாற்றிய பிறகும் அது காலும் புள்ளியுமாகவே நிற்கும். 'அவர்' என்று தேடினால் அச்சொல் அகப்படாது. சுவடியில் காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்று பதிப்பாசிரியர்களை அலைக்கழித்ததை நாம் படித்திருக்கிறோம். அது நம் காலத்தில் வேறு உருவில் மீண்டிருக்கிறது. ஔகாரத்தை 'ஒ', 'ள' என இரண்டெழுத்தாகத் தட்டுவதும் இவ்வகையினதே.

அச்சகங்களில் எதிர்த்திசைப் பயணமும் உண்டு. பேஜ்மேக்கர் போன்ற பழைய பக்க அமைப்புச் செயலிகள் ஒருங்குறியை அறியா. ஆகவே நாம் ஒருங்குறியில் அனுப்பியதை மீண்டும் பழைய எழுத்துருவுக்கு மாற்றியே அச்சிடுகின்றனர். அந்த மாற்றத்தில் வளைந்த மேற்கோட்குறியும் நீண்ட கோடும் பிற குறிகளாகத் திரிவதுண்டு. எனவே மெய்ப்பு பார்ப்பதை அச்சுப்படியிலும் செய்தாக வேண்டும்.

இறுதியாக அடி. எளிய உரையாகச் செல்லும் மடல்களை ஏறத்தாழ எழுபது எழுத்துக்கொரு முறை மடக்கி அனுப்பும் வழக்கம் அஞ்சற்செயலிகளுக்கு உண்டு. நெடிய ஆசிரிய விருத்தத்தின் அடிகள் இதனால் நடுவில் முறியும். 2007 முதல் வந்த சொற்செயலியில் பத்திக்குப் பின் இடைவெளி விடுவது இயல்பான அமைப்பாக்கப்பட்டது. அதனால் ஒவ்வோர் அடியும் தனிப்பாடல்போல விலகி நிற்கும். கவிஞர் கருதிய பத்திப் பிரிவு மறையும். அடியின் தொடக்கத்தில் விட்ட வெற்றிடம் மடலில் ஒட்டும்போது சுருங்கும். நேரிசை வெண்பாவின் தனிச்சொல்லுக்கு முன் இடும் சிறுகோடு, இரண்டாம் அடியைக் காட்டும் அடையாளம். அது கேள்விக்குறியாக மாறினால் கவிஞர் ஏதோ வினவுவதாக வாசகர் எண்ணக்கூடும். புதுக்கவிதையில் அடிப்பிளவே பொருளாகும் இடங்கள் உண்டு. அங்கே அடி சிதைந்தால் யாப்பறிந்தோராலும் மீட்க இயலாது.

கவிஞர்களுக்குச் சில வேண்டுகோள்கள்

மலர்க்குழுவின் சார்பில் ஆறு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

ஒன்று: கவிதையை ஒருங்குறியில் எழுதி அனுப்புங்கள். பழைய எழுத்துருவில்தான் எழுத இயலும் என்போர், எழுத்துருவின் பெயரை மடலில் ஆங்கிலத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

இரண்டு: பழைய எழுத்துருவில் எழுதுவோர், சொற்செயலியின் தன்னியக்கத் திருத்தத்தில் வாக்கியத்தின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கும் விதியை நீக்கிவிடுங்கள். எழுதத் தொடங்கும் முன் செய்யவேண்டிய முதற்பணி இது. கைப்பேசியில் ஒருங்குறியில் எழுதுவோரும் கவலையற்றிருக்க வேண்டா. சொல்லை ஊகித்து நிரப்பும் ஏற்பாடு அங்கேயும் உண்டு.

மூன்று: மூன்று சான்றுகள் அனுப்புங்கள். மடலின் உடலில் கவிதை, இணைப்பில் சொற்செயலிக் கோப்பு, அதோடு பி.டி.எஃப். படியோ கையெழுத்தின் நிழற்படமோ ஒன்று. முதலிரண்டும் அச்சுக் கோக்க உதவும். மூன்றாவது, நீங்கள் கண்ட வடிவத்துக்குச் சாட்சியாக நிற்கும். பி.டி.எஃப். படியிலிருந்து தமிழை வெட்டி எடுத்தால் எழுத்து வரிசை குலைவதுண்டு; ஆகவே அது பார்ப்பதற்கு மட்டுமே.

நான்கு: கவிதையின் முடிவில் அடிகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். 'அடி 12, பத்தி 3' என்னும் சிறு குறிப்பு, மடலில் அடி முறிந்திருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

ஐந்து: அனுப்புவதற்கு முன் உங்களுக்கு நீங்களே ஒரு முறை அனுப்பி, வேறு கருவியில் திறந்து பாருங்கள். அடிமுதற் சொற்களை மட்டும் மேலிருந்து கீழாக ஒரு முறை வாசியுங்கள்.

ஆறு: வீட்டிலிருக்கும் பழைய வட்டுகளையும் கோப்புகளையும் இப்போதே திறந்து பாருங்கள். திறக்கும் கருவி இன்னும் கிடைக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். ஐயத்துக்குரிய சொற்களைத் திருத்தி வையுங்கள். "நான் எழுதியது இதுதான்" என்று சொல்ல இன்று நீங்கள் இருக்கிறீர்கள். உங்களை விட நல்ல பதிப்பாசிரியர் உங்கள் கவிதைக்குப் பின்னர் வாய்க்கப்போவதில்லை.

கருவிகள் மாறும், செயலிகளின் பெயரும் மாறும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எழுத்து ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்க்கப்படும், பெயர்க்கும்போது சிந்தும். ஓலையிலிருந்து தாளுக்குப் பெயர்த்தபோது சிந்தியதைப் பொறுக்கியெடுக்கச் சான்றோர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். நம் கவிதையில் சிந்துவதைத் தடுக்க நமக்குத் தேவைப்படுவது கவிதைக்கு ஐந்து நிமிடங்களே. அந்த ஐந்து நிமிடங்களை அருள்கூர்ந்து ஒதுக்குங்கள்.